ஆங்கில வாசிப்பும் இணையவழிப் பாடமும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

நம் கிராமத்துப் பிள்ளைகள் தமிழில் பயின்று, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெறுகிறார்கள். பொறியியல் கல்லூரியிலோ மருத்துவக் கல்லூரியிலோ சேர்ந்ததும், பெரும்பாலும் ஆங்கில நூல்களையே எதிர்ப்படுகிறார்கள். அறிவுள்ள பிள்ளை வாசிக்க இயலாமையால் பின்தங்குவது, விளைந்த பயிர் களத்துக்கு வாராமல் அழிவதை ஒக்கும்.

ஆங்கில எழுத்துக்கள் 26. ஒலிகளோ ஏறத்தாழ 44. சி, யூ, டி என்னும் எழுத்துக்களைக் ‘கட்’ என்கிறோம். முதலெழுத்தை மட்டும் பி என மாற்றினால் ‘புட்’ என்றாகிறது. ஆகவே, எழுத்துக்கூட்டல் மட்டும் போதாது. சொல்லைக் கண்ணால் காணும்போதே காதால் கேட்க வேண்டும். உரக்க வாசிக்க வேண்டும். பின்னர்ப் பொருளுணர வேண்டும்.

இணையவழிப் பாடம் உதவுவது இங்கேதான். வகுப்பில் எல்லோருக்கும் ஆசிரியர் ஒரே வேகத்தில்தான் நடத்த இயலும். இணையப் பாடத்தையோ மாணவர் தாம் விரும்பிய இடத்தில் நிறுத்தலாம், பத்து முறையும் திரும்பக் கேட்கலாம், நகைப்பார் எவருமிலர். 2017-இல் தொடங்கப்பெற்ற ‘தீக்ஷா’ தளத்தில் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முன்னரே கைபேசியில் இறக்கிக்கொண்டால், இணைய இணைப்பு இல்லாத வேளையிலும் பயிலலாம்.

எனினும், இவ்வகைப் படிப்பைத் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர். ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் நடத்திய இணையப் படிப்புகளில், 2017-18-இல் சேர்ந்தோருள் நூற்றுக்கு நால்வர்கூட முடிக்கவில்லை என்று 2019-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. வாய்க்காலில் நீர் வந்தால் மட்டும் வயல் விளைந்துவிடாது. மடை திறப்பாரும் வேண்டும்.

அப்பணி பஞ்சாயத்துக்கு உரியது. 2006 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் நம் கிராமங்களில் நூலகக் கட்டிடங்கள் எழுந்தன. பூட்டிக் கிடப்பவற்றைத் திறப்போம். நாள்தோறும் மாலை ஒரு மணி நேரம் அங்குப் பயில ஏற்பாடு செய்வோம். ஊரில் கல்லூரி பயிலும் ஒருவரைத் துணைக்கு அமர்த்துவோம். யார் எந்தப் பாடம் வரை முடித்தார் என்பதை அவர் பதிவேட்டில் குறித்து வரட்டும். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

மற்றொன்றும் கூறவேண்டும். வீட்டில் ஒரே கைபேசி இருப்பின், அது பெண் பிள்ளையின் கைக்குக் கடைசியில்தான் வருகிறது. ஆகவே, நூலகத்தில் பெண் பிள்ளைகளுக்கெனத் தனி நேரம் ஒதுக்குவது இன்றியமையாதது.

பாடம் இருக்கிறது, கட்டிடம் இருக்கிறது. நாம் அளிக்க வேண்டுவது நாள்தோறும் ஒரு மணி நேரக் கவனமே. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே இதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றுவோமாக.