டோக்கன் கொடுத்தும் தெரியாதவர் ஆவது ஏன்?



ஒரு தேர்வுக்கு இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கட்டணம் கட்டுகிறோம். பேங்க் பக்கம் திறக்கிறது. ஓடிபி வருகிறது, அடிக்கிறோம், பணமும் போய்விடுகிறது. திரும்பி வந்து பார்த்தால், விண்ணப்பத் தளம் நம்மை யாரென்றே தெரியாதது போல மறுபடி லாகின் கேட்கிறது. அதே விண்ணப்பத்தை இன்னொருவர் ஃபயர்பாக்ஸில் முடித்துவிட்டார். நமக்குக் குரோமில் முடியவில்லை. நமக்குத்தான் கம்ப்யூட்டர் பழக்கம் போதாது என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். நொந்துகொள்ள வேண்டாம். பெரும்பாலும் கோளாறு குக்கீயில் இருக்கிறது.

இணையத்தின் அடிப்படை முறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பக்கம் கேட்கும்போதும் சர்வருக்கு நாம் புது ஆள்தான். இதற்காக 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மொண்டுலி கண்ட வழிதான் குக்கீ. கோயில் வாசலில் செருப்பு விட்டால் ஒரு டோக்கன் தருவார்களே, அதைப் போல சர்வர் ஓர் எண்ணைத் தருகிறது. பிரவுசர் அதை வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் காட்டுகிறது. டோக்கன் வரவில்லை என்றால் சர்வருக்கு நம்மைத் தெரியாது.

2020 பிப்ரவரியில் குரோமின் 80-ஆம் பதிப்பு ஒரு புதிய கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. நாம் வேறு தளத்திலிருந்து வரும்போதும் ஒரு குக்கீ செல்லுமா என்பதை ‘சேம்சைட்’ என்ற குறிப்பால் சொல்லலாம். குறிப்பே இல்லாத குக்கீயை இனி ‘லேக்ஸ்’ என்று எடுத்துக்கொள்வோம் என்றது குரோம். அதாவது, வேறு தளத்தில் ஒரு லிங்க்கை அழுத்தி வந்தால் குக்கீ கூடவே வரும். படிவத்தை அனுப்பும் ‘போஸ்ட்’ முறையில் வந்தால் வராது. கொரோனா நெருக்கடியில் அத்தியாவசியத் தளங்கள் முடங்கிவிடக் கூடாது என்று ஏப்ரலில் இதை நிறுத்திவைத்து, ஜூலையில் மீண்டும் தொடங்கினார்கள். ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் இதை அப்படியே பின்பற்றவில்லை. ஒரு பிரவுசரில் ஓடுவது இன்னொன்றில் நின்றதற்கு இதுதான் காரணம்.

பணம் வாங்கும் தளங்கள் பல, வேலை முடிந்ததும் நம்மை ‘போஸ்ட்’ முறையில்தான் திருப்பி அனுப்புகின்றன. பழைய குக்கீ வராததால் சர்வர் நம்மைப் புது ஆளாக எண்ணி, புதுக் குக்கீ ஒன்றைத் தருகிறது. அது பழையதன் மேலேயே உட்கார்ந்து அதை அழித்துவிடுகிறது. அவ்வளவுதான், லாகின் போயிற்று.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. குறிப்பில்லாத குக்கீ பிறந்து 2 நிமிடம் ஆகாவிட்டால் ‘போஸ்ட்’ முறையிலும் செல்லலாம் என்று குரோம் ஒரு சலுகை வைத்தது. தளத்தைச் சோதிக்கும் இன்ஜினியர் லாகின் செய்து, உடனே கட்டிப் பார்க்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது. கண்ணாடியைத் தேடி, படிவத்தை நிதானமாக நிரப்பி, ஓடிபிக்காக மகனிடம் போனை வாங்கும் பெரியவருக்கு மட்டும் நின்றுவிடுகிறது. “இங்கே நன்றாகத்தானே வேலை செய்கிறது” என்று அவருக்குப் பதில் வருகிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்பதால்தான் இந்தக் கோளாறு நீண்ட நாள் பிடிபடாமல் இருக்கும்.

தீர்வு உண்டு. வேறு தளத்திலிருந்து எந்த முறையில் வந்தாலும் செல்லலாம் என்று சொல்ல, குக்கீயில் ‘சேம்சைட் நன்’ என்றும், கூடவே பாதுகாப்பான இணைப்பில் மட்டும் செல்லும் என்பதற்கு ‘செக்யூர்’ என்றும் எழுத வேண்டும். செக்யூர் இல்லாத நன் குக்கீயைக் குரோம் ஏற்காது. ஆனால் ஐஓஎஸ் 12 உள்ள ஐபோன்கள் ‘நன்’ என்பதை மிகக் கடுமையான கட்டுப்பாடாகத் தவறாகப் படித்தன. குரோமின் 51 முதல் 66 வரையான பதிப்புகள் அந்தக் குக்கீயையே தூக்கி எறிந்தன. அதனால் பழைய கருவிகளுக்கென்று குறிப்பில்லாத இன்னொரு குக்கீயும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது.

தமிழில் தளம் நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. குக்கீயில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்தான் செல்லும். ‘தமிழ்’ என்ற சொல்லை அதற்கேற்ப மாற்றினால் 45 இடம் பிடிக்கும். ஒரு குக்கீக்கு உள்ள இடமோ சுமார் 4096. பெயரையும் முகவரியையும் அதில் திணிக்காதீர்கள். எண்ணை மட்டும் வைத்துவிட்டு மற்றதைச் சர்வரில் வையுங்கள்.

பிரவுசர் ஒரு குக்கீயை மறுத்தால் சர்வருக்குச் சொல்லாது. ஆகவே குக்கீயைக் கொடுத்த தளம், அடுத்த பக்கத்தில் அது திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால், பணம் கட்டும் கட்டத்துக்கு விடாமல், என்ன செய்யலாம் என்று தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாத தளத்தை முடிக்கப்பட்ட வேலையாக நான் கருத மாட்டேன்.

நேயர்களே, இப்படி நடுவழியில் வெளியே வந்துவிட்டால் உடனே இரண்டாவது முறை பணம் கட்டாதீர்கள். முதலில் பேங்க் கணக்கைப் பாருங்கள். பணம் போயிருந்தால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடி லாகின் செய்து, கட்டணம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால் அந்த எண்ணோடு புகார் கொடுங்கள். எந்த பிரவுசர், எந்தப் பதிப்பு, லாகின் செய்து எவ்வளவு நேரம் கழித்து நின்றது என்பதையும் எழுதுங்கள்.