ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சபக்

(செங்கல்பட்டில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

கல்வியைப் பற்றிப் பேசாத மேடை நம் சமுதாயத்தில் இல்லை. முதல் வஹீயே ஓதும்படி வந்த கட்டளைதான் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். தக்பீர் முழங்குகிறோம். பிரியாணி சாப்பிட்டுக் கலைந்து போகிறோம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை மட்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் இன்று என் பேச்சு.

நாம் எங்கே நிற்கிறோம்?

2006ஆம் ஆண்டு வெளிவந்த நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கையை நாம் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறோம். 2001 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம், நாட்டின் சராசரி 65.1. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவீதம், மாநிலச் சராசரியோ 73.5தான். அல்ஹம்துலில்லாஹ்! நம் முன்னோர்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதி, வீட்டுப் பெண்களுக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். தெரிந்த எழுத்தைக் கொண்டு தெரிந்த மொழியைப் படிக்க வைத்தார்கள். அதுவும் ஒரு கற்பித்தல் முறைதான்.

ஆனால் வாசலில் முன்னே நிற்பவர்கள் மாடிக்குப் போகும்போது எங்கே போய்விடுகிறோம்? 2020-21ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் இருந்த மாணவர்களில் முஸ்லிம்கள் 4.6 சதவீதம். 2011 கணக்குப்படி நாட்டு மக்களில் நாம் 14.2 சதவீதம். 1 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குக் கிடைத்து வந்த மத்திய அரசின் உதவித்தொகை 2022ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது. இதை எதிர்த்துக் குரல் கொடுப்பது நம் உரிமை, கொடுத்துக்கொண்டே இருப்போம்.

அதே வேளையில், எந்த அரசையும் கேட்காமல் நம் கையால் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால் நாளை அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

ஆராய்ச்சி சொல்லும் செய்தி

டெல்லியில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெக்ஸாண்டர் கானிமியான் ஆகிய மூவரும் செய்தது. அந்த ஆய்வில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். அதாவது பிள்ளை உட்கார்ந்திருப்பது ஆறாம் வகுப்பில். அதன் அறிவு நிற்பது மூன்றிலும் நாலிலும். ஆசிரியரோ ஆறாம் வகுப்புப் புத்தகத்தை நடத்துகிறார். பாவம், அவர் என்ன செய்வார்? பாடத்திட்டத்தை மார்ச் மாதத்திற்குள் முடிக்க வேண்டும். மிகவும் பின்தங்கிய பிள்ளைகள் ஆண்டு முழுவதும் வகுப்பில் இருந்தும் ஏறக்குறைய ஒன்றுமே முன்னேறவில்லை என்று அந்த ஆய்வு கண்டது.

அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்ட பிறகு, அவரவர் நிலையைச் சோதித்து அங்கிருந்தே பாடம் தொடங்கும் ஒரு கணினிப் பாடமுறையும், சிறு குழுவாக ஓர் ஆசிரியரும் கொடுக்கப்பட்டது. நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம்! கடைசியில் நின்ற பிள்ளையும் முதலில் நின்ற பிள்ளைக்குச் சமமாக முன்னேறியது.

சகோதரர்களே! இதைக் கேட்டவுடன் மதரஸாவில் ஓதியவர்களுக்குச் சிரிப்பு வரும். இது நமக்குப் புதிதா? குர்ஆன் மனனம் செய்யும் மாணவனுக்கு வகுப்பு ஏது? ஒவ்வொருவனுக்கும் அவனவன் சபக். ஒருவன் ஐந்தாவது ஜுஸ்உவில் இருப்பான். பக்கத்தில் இருப்பவன் இருபதில் இருப்பான். நேற்றைய சபக்கை ஒப்புவிக்காமல் உஸ்தாத் இன்றைய சபக்கைக் கொடுக்க மாட்டார். பழைய பாடத்தையும் நாள்தோறும் கேட்பார். எங்கே தடுமாறுகிறானோ அங்கேயே நிறுத்தித் திருத்துவார். ஓதத் தெரியாதவனை 'பாஸ்' போட்டு அடுத்த ஜுஸ்உவுக்கு அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களைப் பாருங்கள். அவர்கள் செதுக்குவது நம் மார்க்கத்திற்கு உரியதல்ல. ஆனால் கற்றுக்கொடுக்கும் ஒழுங்கைப் பார்க்கலாம். உளி பிடிக்கத் தெரியாத பையனிடம் முகத்தைச் செதுக்கச் சொல்ல மாட்டார்கள். கை எவ்வளவு பழகியிருக்கிறதோ அவ்வளவு வேலைதான் கொடுப்பார்கள்.

நம் மக்தபின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொருள் தெரியாமல் ஒப்புவிப்பதோடு பல இடங்களில் நின்றுவிடுகிறோம். பிரம்பைப் பாடமுறை என்று நினைக்கிற உஸ்தாதுகளும் உண்டு. பெண் பிள்ளை சற்று வளர்ந்தவுடன் மக்தபும் முடிந்தது, படிப்பும் முடிந்தது என்கிறோம். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி என்பதை மறந்துவிட்டோம். முறையில் உள்ள நன்மையை எடுப்போம், குறையைக் களைவோம்.

கருவி வாங்கினால் போதுமா?

இப்போது செல்வந்தர்கள் ஒரு பள்ளிக்கு உதவ நினைத்தால் முதலில் கேட்பது, "ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரட்டுமா? டேப்லெட் வாங்கித் தரட்டுமா?" நிய்யத்து நல்லது. ஆனால் பெரு நாட்டின் அனுபவத்தைக் கேளுங்கள். அங்கே கிராமப்புறப் பள்ளிகளில் 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்று அரசு வாரி வழங்கியது. முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் மாற்றமே இல்லை! கணினி கைக்கு வந்தது. பாடம் பிள்ளையின் நிலைக்கு இறங்கி வரவில்லை.

டெல்லியில் பயன் தந்த கணினி, பெருவில் ஏன் தரவில்லை? டெல்லியில் அது உஸ்தாதைப் போல ஒவ்வொரு பிள்ளையின் சபக்கையும் கேட்டது. பெருவில் அது வெறும் பெட்டியாக இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. அந்த நாட்களில் ஆளுக்கொரு போனும் தனி அறையும் உள்ள வீடுகளும், வாப்பாவின் ஒரே போனுக்காக மூன்று பிள்ளைகள் காத்திருந்த வீடுகளும் ஒரே ஊரில் இருந்தன. சிறுசேரியில் கணினி நிறுவனங்கள்; கல்பாக்கத்தில் அணுமின் நிலையம்; வண்டலூரில் பி.எஸ்.அப்துர் ரஹ்மான் அவர்களின் முயற்சியால் 1984இல் தொடங்கிய கிரசென்ட் பொறியியல் கல்லூரி, இன்று பல்கலைக்கழகமாக உயர்ந்து நிற்கிறது. இதே மாவட்டத்தில் கடலோரக் குப்பத்துப் பிள்ளைக்கும் இருளர் குடியிருப்புப் பிள்ளைக்கும், நம் மஹல்லாவின் தள்ளுவண்டிக்காரர் பிள்ளைக்கும் ஐந்தாம் வகுப்பில் ஒரு பத்தி சரளமாக வாசிக்க வருகிறதா என்று யார் கேட்டோம்?

பணம் போகாத வழி

2021 அக்டோபரில் தமிழக அரசு மரக்காணம் அருகே 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. அந்தந்த ஊரிலேயே தன்னார்வலர்கள்; மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை வகுப்பு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. நம் மாநிலக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்து ஆறு மாதத்திற்குள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்பில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டது. பக்கத்து வீட்டு அக்கா செய்த காரியம் இது!

இதற்கு முன்பே மும்பையிலும் வதோதராவிலும் 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம், பின்தங்கிய பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே எடுத்து, உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுக்கொடுத்தது. அதை ஆராய்ந்தவர்களில் இருவர்தான் 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும். சென்னை மாநகராட்சியிலும் 2003இல் 13 பள்ளிகளில் அட்டைகளை வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படியேறும் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது.

இதன் வேர் இன்னும் பழையது. 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் இல்லத்தில் புகுத்தி, மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் அதைப் பற்றி நூல் எழுதினார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்று புகழ் பெற்றது. நாம் 'சட்டாம்பிள்ளை' என்று கேலி பேசும் அந்தப் பழக்கத்தை வெள்ளைக்காரன் கப்பலேற்றிக் கொண்டுபோனான். நாம் கைவிட்டோம்!

பத்ருப் போரில் பிடிபட்டவர்களை நினையுங்கள். மீட்புப் பணம் கொடுக்க இயலாத, எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் ஒவ்வொருவரும் மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு ஆசிரியருக்குப் பத்துப் பிள்ளை! அந்த ஆசிரியர்கள் முஸ்லிம்களும் அல்லர். ஆகவே நம் மஹல்லாவில் கணக்குச் சொல்லித்தர ஒரு இந்துச் சகோதரியோ கிறித்தவ ஆசிரியரோ கிடைத்தால் தயங்காதீர்கள்.

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். உங்கள் கடையில் டீ கொண்டுவரும் பையனுக்கு வயது என்ன? "படிப்பு ஏறலை பாய், சும்மா சுத்தறான், கடையிலாவது நிக்கட்டும்" என்று அவன் தாயே சொல்லியிருக்கலாம். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைப்பதை 2016இல் திருத்தப்பட்ட சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், படிப்பு ஏறவில்லையா, அவன் நிற்கும் படியிலிருந்து யாரும் ஏற்றிவிடவில்லையா? மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்குப் புரியாமல் நின்றவனை ஒன்பதாம் வகுப்பு வரை தள்ளிக்கொண்டு வந்து, அங்கே அல்ஜீப்ராவைக் காட்டினால் அவன் கடைக்குத்தான் ஓடுவான்.

நம் சிறுபான்மைப் பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் என்ற கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நம் அரசியல் சட்ட உரிமையைக் காத்த தீர்ப்பு. ஆனால் சட்டம் விலக்களித்த இடத்தில் மார்க்கம் விலக்களிக்கவில்லை. கட்டணம் கட்ட முடியாத நம் பிள்ளை நம் பள்ளியின் வாசலைக்கூட மிதிக்க முடியாது என்றால், அந்த உரிமையை யாருக்காகக் காத்தோம்?

செய்ய வேண்டியவை

ஒன்று: அடுத்த மாதத்திற்குள் ஒவ்வொரு மஹல்லாவிலும் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைச் சோதியுங்கள். எழுத்து, சொல், ஒரு சிறு பத்தி, ஒரு சிறு கதை. கணக்கில் கழித்தல், வகுத்தல். 2005 முதல் நாடெங்கும் நடக்கும் 'அசர்' கணக்கெடுப்பு இப்படித்தான் செய்கிறது. ஒரு தாள் போதும்; ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். யாரையும் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள், வெட்கப்படுத்தாதீர்கள்.

இரண்டு: வகுப்பைப் பார்க்காமல், நிற்கும் படியைப் பார்த்துக் குழு பிரியுங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பள்ளிவாசல் வளாகம் சும்மாதான் இருக்கிறது. பத்துப் பிள்ளைக்கு ஒருவர். கல்லூரியில் படிக்கும் தம்பிகளும் தங்கைகளும் சட்டாம்பிள்ளைகளாக வாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு வசதியான இடமும் நேரமும் தனியே ஒதுக்குங்கள். வீட்டில் உர்தூ பேசும் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பில் கூடுதல் பொறுமை வேண்டும்.

மூன்று: வணிகர்களே, ஸ்மார்ட் போர்டுக்கு முன்னால் ஒரு ஆசிரியையின் மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு பழைய போன்களைக் கொடுங்கள்; பிள்ளையின் நிலைக்கேற்ற பாடத்தை அதில் ஏற்றி, பெரியவர் ஒருவர் கூட இருக்கப் பயன்படுத்துவோம். ஜகாத்தை அதற்குரியவர்களுக்கும், ஸதகாவை இந்த வகுப்புக்கும் என்று உலமாக்களைக் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நான்கு: அண்டை வீட்டுப் பிள்ளைக்கு வாசலைத் திறந்து வையுங்கள். மீனவர் பிள்ளையும் இருளர் பிள்ளையும் வந்தால் பாய் விரித்து உட்கார வையுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையை நமக்கு வலியுறுத்தியவர்கள் நபி (ஸல்) அவர்கள்.

ஐந்து: மூன்று மாதம் கழித்து அதே தாளால் மீண்டும் சோதியுங்கள். எத்தனை பிள்ளை அடுத்த படிக்கு ஏறியது என்பதை ஜுமுஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் பலகையில் எழுதிப் போடுங்கள். பெயர் வேண்டாம்; எண்ணிக்கை போதும். கந்தூரிக் கணக்கும் கட்டிடக் கணக்கும் எழுதும் பலகையில் இந்தக் கணக்கும் இருக்கட்டும்.

சகோதரர்களே! மினாரா உயர்ந்தால் ஊர் தெரியும். கடைசி பெஞ்சுப் பிள்ளை உயர்ந்தால்தான் சமுதாயம் தெரியும். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! சொன்னதைச் செய்யும் நல்லோர்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.