பெரிய டயரும் சிறிய பற்சக்கரமும்



உயர்ந்த சக்கரம் பூட்டிய மாட்டுவண்டி பள்ளத்தையும் சேற்றையும் எளிதிற் கடந்துவிடும். சிறு சக்கர வண்டியோ அதே பள்ளத்தில் இறங்கி நின்றுவிடும். இதனை நம் உழவர்கள் நூல் படித்து அறிந்தவரல்லர், வழிநடந்து அறிந்தவர். கரடுமுரடான தடத்தில் ஓடும் மோட்டார் வண்டிக்கும் இவ்வுண்மை பொருந்தும். டயரின் விட்டம் 4 அங்குலம் மிகுந்தால், ஆக்ஸிலின் நடுவே உருண்டையாகத் தொங்கும் இரும்புக் கூடு தரையிலிருந்து 2 அங்குலம் உயர்கிறது. முன்பு இடித்த கல் இப்போது இடிப்பதில்லை. ஆகவே லடாக்கின் மலைவழிகளுக்கும் ஜெய்சால்மேரின் மணல்வெளிகளுக்கும் ஜீப் போன்ற வண்டிகளைக் கொண்டுசெல்ல விழைவோர், முதற்காரியமாகப் பெரிய டயர் வாங்குவதில் வியப்பில்லை.

ஆயினும் மாட்டுவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் இடையே ஒரு பெரிய வேற்றுமை உண்டு. மாட்டுவண்டியை இழுப்பது மாடு. சக்கரம் வெறுமனே உருண்டு கொடுக்கிறது. மோட்டார் வண்டியிலோ சக்கரமே வண்டியை உந்திச் செல்ல வேண்டும். உருண்டு கொடுக்கும் சக்கரம் பெரிதானால் இழுப்பவனுக்கு இலாபம். உந்தித் தள்ளும் சக்கரம் பெரிதானால் திருப்புகிறவனுக்குச் சுமை. டயர் பெரிதாவதால் நேரும் இந்தச் சுமையை எங்ஙனம் ஈடுசெய்வது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இஞ்சின் வேகமாகச் சுழலும். ஆனால் அதன் திருப்பும் வலு குறைவு. அவ்வேகத்தைக் குறைத்து வலுவைப் பெருக்கும் வேலையைக் கியர் பெட்டி ஓரளவு செய்கிறது. எஞ்சியதைச் செய்வது ஆக்ஸிலின் நடுவிலுள்ள கூட்டுக்குள் இருக்கும் இரு பற்சக்கரங்கள். சிறியதற்குப் பினியன் என்றும் பெரியதற்குக் கிரவுன் என்றும் தொழிலாளர் பெயர் வழங்குவர். பினியனில் 10 பற்களும் கிரவுனில் 41 பற்களும் இருக்குமாயின், பினியன் 4.10 முறை சுழன்றாலன்றிச் சக்கரம் ஒருமுறை சுழலாது. இந்த 4.10 என்னும் எண்ணே ஆக்ஸில் விகிதம் எனப்படுவது. எண் மிகுந்தால் வலு மிகும், வேகம் குறையும்; எண் குறைந்தால் வேகம் மிகும், வலு குறையும்.

வண்டி செய்வோர் இவ்வெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்வதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ் நிறுவனம் படைக்குச் செய்துகொடுத்த ஜீப்பின் ஆக்ஸில் விகிதம் 4.88. போர் முடிந்த 1945இல் அதே நிறுவனம் உழவருக்கும் பொதுமக்களுக்குமென ஒரு ஜீப்பை வெளியிட்டது. டயரின் அளவு மாறவில்லை. விகிதம் மட்டும் 5.38 ஆயிற்று. ஏர் இழுக்க வேண்டிய வண்டிக்குச் சாலை வேகத்தினும் வலுவே வேண்டும் என்று கருதியமையே காரணம். இஞ்சின், டயர், விகிதம், செய்யவேண்டிய வேலை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றவற்றைத் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும்.

இவ்விடத்தில் நாம் செய்த பிழையொன்றை மறைக்காமல் கூறுவது தகும். மொழிபெயர்ப்பு நம் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஓட்டுநர்களுக்கான ஆங்கிலக் கையேடொன்று தமிழாக்கத்திற்காக நம்மிடம் வந்தது. பெரிய டயர் பொருத்தினால் ஆக்ஸிலுக்கு ‘லோயர் கியர்’ வேண்டும் என்று அதில் ஒரு வரி. ‘லோ’ என்றால் தாழ்வு, குறைவு என்பதுதானே நாம் கற்ற பாடம்? “குறைந்த விகிதமுள்ள பற்சக்கரம் பொருத்துக” என்று எழுதிவிட்டோம். கைப்படி அச்சகம் செல்லுமுன் பணிமனை ஃபோர்மன் ஒருவர் பார்வைக்குச் சென்றது. அவர் அந்த வரியில் விரலை வைத்து, “ஐயா, இதை நம்பி ஒருவன் 4.10ஐக் கழற்றிவிட்டு 3.73ஐ மாட்டினால், வண்டி ஏற்றத்தில் நின்றுவிடும், இறக்கத்தில் நிற்காது” என்றார்.

நாம் திகைத்துப் போனோம். வலு மிகுந்து வேகம் தாழ்ந்த கியரைத் தொழிலாளர் ‘லோ’ என்கின்றனர். அதற்குரிய எண்ணோ மேலே செல்கிறது. சொல் கீழே இறங்க, எண் மேலே ஏறுகிறது. அகராதியை மட்டும் நம்பிய நாம் பொருளைத் தலைகீழாக்கிவிட்டோம். அன்றுதொட்டு இத்துறை பற்றி எழுதும்போது உயர்வு தாழ்வு என்னும் சொற்களை விட்டு, எண்ணையே எழுதி வருகிறோம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அது கடினமானதன்று. புதிய டயரின் விட்டத்தைப் பழைய டயரின் விட்டத்தால் வகுத்து, வரும் எண்ணால் பழைய விகிதத்தைப் பெருக்கினால் வேண்டிய விகிதம் கிடைத்துவிடும். 29 அங்குல டயரும் 4.10 விகிதமும் உள்ள வண்டிக்கு 33 அங்குல டயர் பொருத்துவதாகக் கொள்வோம். 33ஐ 29ஆல் வகுக்க 1.138, அதனை 4.10ஆல் பெருக்க ஏறக்குறைய 4.67. ஆனால் பற்களை நம் விருப்பம்போல் வெட்ட இயலாதன்றோ? கடையில் கிடைப்பவற்றுள் இவ்வெண்ணை அடுத்து நிற்பவை 41க்கு 9 பற்கள் கொண்ட 4.56உம், 39க்கு 8 பற்கள் கொண்ட 4.88உம் ஆகும்.

எதனைக் கொள்வது? மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்திற்கு ஒரு கிலோமீட்டர். அவ்வேகத்தில், கியர் பெட்டி நேர்கியரில் இருக்கையில், பழைய டயருடன் இஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 1,770 முறை சுழன்றது. பெரிய டயர் மட்டும் மாட்டினால் அது 1,560ஆகத் தாழும். 4.56 பொருத்தினால் 1,730, 4.88 பொருத்தினால் 1,850. பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு 4.56 போதும். சுமையேற்றி மலையேறும் வண்டிக்கு 4.88 ஏற்றது, ஏனெனில் பெரிய டயர் எடையும் மிக்கது, அதனைச் சுழற்றவே தனி வலு வேண்டும். அதற்கு மேலும் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகலாகாது. கிரவுன் ஏறத்தாழ அதே அளவினதாக இருக்க, பினியனின் பற்கள் 10, 9, 8 எனக் குறைந்து வருவதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். எண் ஏற ஏறப் பினியன் சிறுத்து வலிமை குன்றும், சமதரையில் இஞ்சின் வீணே கதறும், எரிபொருளும் கூடுதலாகும்.

டயரின் பக்கத்தில் பொறித்துள்ள அளவை மட்டும் நம்புதல் வேண்டா. சுமையின் கீழ் டயர் சற்று அமுங்கும். டயரின் அடியிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று தள்ளி, நகர்ந்த தொலைவை நாடாவால் அளந்தால் மெய்யான சுற்றளவு தெரியும். பழைய டயருக்கும் புதிய டயருக்கும் இங்ஙனம் அளந்து ஒப்பிடுவதே நன்று.

“ஒரு கியர் குறைத்து ஓட்டினால் போதாதா? ‘லோ’ நெம்புகோல் ஒன்று தனியே இருக்கிறதே?” என்று கேட்பார் உளர். முதற்கியருக்குக் கீழே வேறு கியர் இல்லை. ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுக்கும்போது அக்குறையைக் கிளட்சுத் தகடே தேய்ந்து கருகி ஈடுசெய்ய வேண்டும். ‘லோ’ நெம்புகோல் பாறைமீது ஊர்ந்து செல்வதற்கு உரியது. நாள்முழுதும் மலைச்சாலையில் ஓடுவதற்கு உரியதன்று.

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையில் காட்டா வளைவுகள் என்னும் ஓரிடத்தில் மட்டும் 21 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அதே சாலையிலுள்ள தங்லங் லா கணவாயின் உயரம் 5,300 மீட்டருக்கும் மேல். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடே. காற்றை அமுக்கி ஊட்டும் டர்போ இல்லாத இஞ்சினின் வலுவும் அதே அளவில் தளர்கிறது. அத்துடன் பெரிய டயரால் 12 விழுக்காடு இழுவையும் போகுமாயின், சமவெளியில் இருந்த இழுவையில் பாதியைச் சற்றே மிஞ்சியதுதான் எஞ்சும்.

ஏற்றத்தில் நிற்பது தொல்லை. இறக்கத்தில் நிற்காமை உயிருக்கே ஆபத்து. மலையிறங்கும்போது நல்ல ஓட்டுநர் கியரைக் குறைத்து இஞ்சினாலேயே வண்டியை அடக்கி, பிரேக்கைச் சிக்கனமாகப் பயன்படுத்துவர். பெரிய டயர் அந்த அடக்கும் ஆற்றலையும் 12 விழுக்காடு குறைத்துவிடுகிறது. விகிதத்தைச் சரிசெய்தால் இதனை மீட்டுவிடலாம். ஆனால் ஒன்றை மறத்தலாகாது: பிரேக் இருப்பது சக்கரத்தில். பற்சக்கரத்தை மாற்றுவதால் பிரேக்குக்கு யாதொரு நன்மையும் இல்லை. டயர் உயர்ந்ததால் பிரேக்கின் பிடி குறைந்தது குறைந்ததே. அதனைத் தனியே வலுப்படுத்தாமல் பெரிய டயருடன் மலைக்குச் செல்வது அறிவுடைமையாகாது. வேகங்காட்டும் முள்ளும் பொய் சொல்லும். அது 60 என்று காட்டும்போது வண்டி மெய்யாக 68இல் ஓடிக்கொண்டிருக்கும். விகிதத்தை மாற்றியபின் முள்ளையும் சோதித்துத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும்.

நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டியில் முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் ஒருங்கே மாற்றுதல் இன்றியமையாதது. செலவுக்கு அஞ்சிப் பின்னதை மட்டும் மாற்றினால், முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகம் நாடி ஒன்றையொன்று இழுக்கும். மணலில் டயர் வழுக்கிச் சமாளிக்கும்; கெட்டித் தரையிலோ தண்டோ பல்லோ முறியும்.

பொருத்தும் வேலை நுட்பமானது. பினியனும் கிரவுனும் இணைபிரியாதவை. ஒன்றாகவே இழைத்துச் செய்யப்பட்டவை. ஓர் இணையின் பினியனை மற்றோர் இணையின் கிரவுனுடன் சேர்த்தலாகாது. இரண்டு பற்களுக்கும் இடையே விடும் இடைவெளி பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரையே. பற்களில் வண்ணக்குழம்பு தடவிச் சுழற்றி, பல்லோடு பல் எங்கே படிகிறது என்று பார்த்து, மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் சரிசெய்வர். இவ்வேலையில் தேர்ந்த கை வேண்டும். வேலை முடிந்ததும் முதல் 25, 30 கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிக் குளிரவிடுவதும், சில நூறு கிலோமீட்டர் சென்றபின் எண்ணெயை மாற்றுவதும் நல்ல வழக்கம்.

சட்டத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, செய்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாகப் பதிவு பெற்ற வண்டியைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே கடைக்குச் செல்லுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வதே முறை.

நேயர்களே, பெரிய டயர் வெளியே தெரிவது. காண்போர் கண்ணைக் கவர்வது. பற்சக்கரமோ எண்ணெயில் மூழ்கி, இரும்புக் கூட்டுக்குள் எவர் கண்ணிலும் படாமல் கிடப்பது. ஆயினும் மலைவழியில் நம்மை ஏற்றிவிட்டுப் பத்திரமாக இறக்குவதில் அதன் பங்கு பெரிது. பெரிய டயர் வாங்க எண்ணுவோர், இவ்விரண்டுக்கும் பிரேக்குக்கும் சேர்த்துச் செலவு செய்ய முடியுமா என்று முதலில் பார்க்கட்டும்; முடியாதாயின் வண்டி வந்த டயருடனேயே போகட்டும். முடியுமாயின், கடைக்காரரிடம் ‘லோ’ என்றும் ‘ஹை’ என்றும் கேளாமல், எண்ணைச் சொல்லிக் கேட்கட்டும். நாம் எழுதிய அந்த ஒரு வரி அச்சேறியிருந்தால் யாருடைய வண்டி எந்த இறக்கத்தில் நிற்காமற் போயிருக்குமோ என்று நினைக்குந்தோறும், அந்த ஃபோர்மனின் விரலுக்கு நாம் நன்றி செலுத்துகிறோம்.