சரக்கின் பெயரும் சுங்கச் சட்டமும்

(நம் சங்கத்தின் தூத்துக்குடிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதர்க்கும் சுங்கச் சட்டத்திற்கும் யாது தொடர்பு எனச் சிலர் நகைத்தல் கூடும். நம்மிடம் பயின்ற பிள்ளைகள் சிலர் இன்று துறைமுகத்துச் சுங்கத் தரகர்களிடம் கணக்கெழுதுகின்றனர். நம் இனத்து வணிகர் சிலர் அயல்நாட்டினின்று இரசாயனச் சரக்குகளை வருவிக்க முற்பட்டுள்ளனர். அவர்கள் கொணரும் பத்திரங்களை ஊன்றி நோக்கியபோது, அவை யாவும் ஒரே வினாவைப் பலவாறு வினவுதல் புலனாயிற்று. "இப்பொருளின் பெயர் யாது?" என்பதே அவ்வினா. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இயைபை ஆராய்தல் நம் தொழிலாதலின், இதுபற்றிச் சில கூறத் துணிந்தோம்.

சுங்கம் நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களுக்குச் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறும். நம் கரையில் முத்துக்குளித்தலும் மனம் போனவாறு நடந்ததன்று. அரசாங்கத்தார் முதற்கண் பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்ததா என அறிவர். இளஞ்சிப்பியாயின் அவ்வாண்டு குளிப்பு இல்லை. 1961-ஆம் ஆண்டில் நடந்த குளிப்போடு அத்தொழில் நின்றுபோயிற்றேனும், முன்னர்ச் சோதித்துப் பின்னரே இசைவு தரும் அம்முறை இன்றைய இரசாயனச் சட்டங்களில் வாழ்கின்றது.

நிற்க. அம்மோனியம் நைட்ரேட்டு என்னும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். இது நாம் அறிந்த நவச்சாரம் அன்று. நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு ஆகும். நைட்ரேட்டை அயல்நாடுகள் பலவற்றில் பயிருக்கு உரமாக இடுகின்றனர். எண்ணெய் கலந்து பாறை உடைக்கும் வெடியாகவும் பயன்படுத்துகின்றனர். வாளா கிடக்குங்கால் சாதுவாய்த் தோன்றும் இது, பெருந்தீயில் அகப்படின் வெடித்துச் சிதறவல்லது. 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டித் துறைமுகத்தில் இச்சரக்கேற்றிய கப்பல் வெடித்து ஏறத்தாழ 600 பேர் மாண்டனர்.

இந்திய அரசாங்கத்தார் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டத்தின்கீழ் 2011-இல் இதனை வெடிபொருளென அறிவித்து, 2012-இல் தனி விதிகளும் வகுத்தனர். எடையில் நூற்றுக்கு 45 பங்கிற்கு மேல் இவ்வுப்பு உள்ள கலவையும் அவ்விதிகளுக்கு உட்பட்டதே. இவ்வுப்பைப் பிரித்தெடுக்க இயலாத உரங்கட்கு விலக்கு உண்டு. ஆகவே "உரம்" எனச் சீட்டில் எழுதிவிட்டமையால் ஒன்று உரமாகிவிடாது.

2015-இல் தென்கொரியாவினின்று சென்னைக்கு வந்த சுமார் 740 டன் சரக்கின் கதை இதற்குச் சான்று. உரம் எனக் குறிக்கப்பட்டு வந்த அதனை வெடிபொருள் எனக் கண்ட சுங்கத்தார் பறிமுதல் செய்தனர். மணலியில் உள்ள சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 பெட்டகங்களில் அஃது ஐந்தாண்டு கிடந்தது. மழை வெள்ளத்தில் ஒரு பகுதி கெட, 697 டன் எஞ்சியது. 2020 ஆகஸ்டு 4-ஆம் நாள் பெய்ரூட்டுத் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் தேங்கியிருந்த 2,750 டன் வெடித்து இருநூற்றுவர்க்கு மேல் மடிந்த பின்னரே, சென்னைச் சரக்கு விரைந்து ஐதராபாத்திற்கு அனுப்பப்பட்டது. பெயரைப் பிறழ எழுதினோர் குற்றம் ஒருபுறம் இருக்க, மக்கள் வாழும் இடத்தருகே ஐந்தாண்டு வைத்திருந்த காலத்தாழ்வையும் நாம் பாராட்ட இயலாது. 2021-இல் விதிகள் திருத்தப்பட்டன: இச்சரக்கு மூட்டைகளாகவே வருதல் வேண்டும், துறைமுக எல்லைக்கு 500 மீட்டருக்கு அப்பாலுள்ள கிடங்கிற்கு மாற்றப்படல் வேண்டும், பறிமுதலானதை ஏலமிட்டு அகற்றவும் வழி செய்யப்பட்டது.

நம் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாயிற்று. அதனை அடுத்த மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக விளங்குகின்றன. இங்கே கலம் ஒன்று கசிந்தாலும் தீப்பற்றினாலும் முதலில் துன்புறுவோர் மூட்டை தூக்குவோரும் வலை வீசுவோருமே. ஏற்றுமதி செய்த அயல்நாட்டார் அல்லர். சீட்டில் எழுதும் பெயர் அவர்கள் உயிரைப் பற்றியது என்பதனை வணிகர் சிலர் மறந்து, தீர்வையைப் பற்றியது மட்டுமே எனக் கருதுகின்றனர்.

இனி, செய்யவேண்டுவன. இறக்குமதியாளர் குறியீட்டெண் பெறுதல் யாவர்க்கும் பொது. வெடிபொருளாயின், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் உரிமம் இன்றியமையாதது. சரக்கைப் பேசி முடித்துக் கப்பலேற்றிய பின் உரிமத்திற்கு அலைவோர் நாள்தோறும் துறைமுக வாடகை இறுத்து நலிவர். வேறு அபாயகரமான இரசாயனங்களுக்கு 1989-ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. அவற்றின்படி வரும் துறைமுகம், அளவு, பாதுகாப்பு விவரம் ஆகியவற்றை 30 நாட்களுக்கு முன்னரும், இயலாதாயின் சரக்கு வரும் நாளுக்குப் பிந்தாமலும் உரிய அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி, வேண்டுமென்றே பொய்யாக அறிவிப்போர்க்குச் சரக்கின் விலையில் ஐந்து மடங்கு வரை தண்டம் விதிக்கலாம்.

கணக்கெழுதும் இளைஞர்களே! விலைப்பட்டியலில் ஒரு பெயரும் பாதுகாப்புத் தாளில் வேறொரு பெயரும் காணப்படின், முதலாளி விரைந்தாலும் நீங்கள் விரையற்க. அனுப்பியவர்க்கு எழுதிக் கேட்டு, மறுமொழி எழுத்தில் வந்த பின்னரே சுங்கச் சீட்டை நிரப்புக.