எப்போது நிற்கும்?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேச எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் கொஞ்சம்தான். அதனால் ஒரே ஒரு குறியைப் பற்றிப் பேசுகிறேன். நட்சத்திரத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்த மாதிரி இருக்கும் அது. ஏ.பி.எல். என்ற கணினி மொழியில் 'திரும்பத் திரும்பச் செய்' என்பதற்கான குறி.

இந்த மொழி பிறந்தது கணினியில் அல்ல, கரும்பலகையில். கனடாவில் பிறந்த கென்னத் ஐவர்சன், ஹார்வர்டில் பாடம் நடத்துவதற்காக உண்டாக்கிய குறியீடு அது. 1962-இல் புத்தகமாக வந்தது, 1966-இல் ஐ.பி.எம். 360 கணினியில் ஓடியது. 1979-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

இதில் எண்களின் வரிசை முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு சார்பையே, அதாவது ஃபங்ஷனையே, வாங்கிக்கொண்டு வேறு சார்பாக்கித் தரும் ஆபரேட்டர்களும் உண்டு. கூட்டலுக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டால், அது 'கூட்டிக்கொண்டே போ' என்று ஆகிவிடும். 1 1 1 1 1 என்று கொடுங்கள். 1 2 3 4 5 வரும். இந்தச் சார்பையே நமது நட்சத்திரக் குறியிடம் கொடுத்து 2 என்றால் 1 3 6 10 15. மூன்று என்றால் 1 4 10 20 35. பாஸ்கல் முக்கோணம் சாய்வாக இறங்கி வருகிறது பாருங்க! லூப் எங்கேயும் எழுதவில்லை.

மைனஸ் 1 தடவை என்றும் கொடுக்கலாம். விளையாட்டு இல்லீங்க. செய்ததைத் திருப்பிச் செய் என்று அர்த்தம். ஈ.பி. மீட்டர் ரீடிங் ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு தடவையும் எத்தனை யூனிட் செலவு என்று வேண்டும். கூட்டிக்கொண்டே போனதை மைனஸ் 1 தடவை செய்தால் அந்தக் கணக்கு வந்துவிடும்.

இனிதான் விஷயமே. எத்தனை தடவை என்று சொல்லாமல், 'மாறாமல் போகும்வரை செய்' என்றும் சொல்லலாம். எண் இருக்க வேண்டிய இடத்தில் 'இரண்டும் ஒன்றா' என்று பார்க்கும் சார்பை வைத்தால் போதும். கையில் கால்குலேட்டர் இருப்பவர்கள் ரேடியனில் வைத்து, 1-இல் தொடங்கி, காஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே இருங்கள். 0.5403, 0.8576, 0.6543 என்று ஆடி ஆடி, கடைசியில் 0.739085-இல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எல்லாம் இப்படி உட்காருமா? 1-இலிருந்து கழிக்கும் சார்பை எடுங்கள். 0 கொடுத்தால் 1, பிறகு 0, பிறகு 1. நாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தாலும் ஆடிக்கொண்டிருக்கும். அதையே 0.5-இல் தொடங்கினால் முதல் தடவையிலேயே நின்றுவிடும். சார்பு ஒன்றுதான், தொடங்கிய இடம்தான் வேறு. குறி பாவம், சொன்னதைச் செய்கிறது. நிற்குமா என்பது அதன் பொறுப்பல்ல.

நிற்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய இடமும் உண்டு. 100 ஊர்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நேர் பஸ் உண்டோ அங்கே 1, இல்லாவிட்டால் 0 என்று ஒரு கட்டம். பெருக்கலுக்குப் பதில் 'இதுவும் அதுவும்', கூட்டலுக்குப் பதில் 'இதாவது அதாவது' என்று வைத்து, கட்டத்தை அதனோடேயே மேட்ரிக்ஸ் மாதிரிப் பெருக்கி, பழைய 1-களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பஸ் மாறிப் போகும் ஊர்கள் வந்துவிடும். மறுபடி செய்தால் நான்கு பஸ் வரை, பிறகு எட்டு. 0 எப்போதாவது 1 ஆகலாம். 1 திரும்ப 0 ஆகவே ஆகாது. கட்டங்களோ 10,000-தான். ஆகையால் நின்றே தீர வேண்டும். ஏழு தடவை போதும்; எட்டாவது, மாறவில்லை என்று தெரிந்துகொள்ள.

இந்த 'ஆகையால்' என்ற சொல்லுக்காகத்தான் இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன். எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு லோடு ஃப்ளோ கணக்கு மறந்திருக்காது. காஸ்-சைடல் முறையில் வோல்டேஜ்கள் நிலைப்படும்வரை திரும்பத் திரும்பப் போடுவோம். நிலைப்படாவிட்டால்? தொடங்கிய மதிப்பு சரியில்லாமல் இருக்கலாம். அல்லது அந்த லோடை அந்த லைன்களால் உண்மையிலேயே தாங்க முடியாமல் இருக்கலாம். பின்னது ஊரே இருட்டாகிற சமாசாரம்! '100 தடவைக்கு மேல் போகாதே' என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தால் இரண்டில் எது என்று எப்படித் தெரியும்? அந்த வரி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தடுக்கும், விளக்காது.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. ஓர் எண்ணை வர்க்கமாக்கிக்கொண்டே போகிறீர்கள். 0.9-இல் தொடங்கினால் என்ன ஆகும்? 1-இல்? 1.1-இல்? தாளில் என்ன, இயந்திரத்தில் என்ன? டீ குடிக்கும்போது விடையோடு வாருங்கள், நான் பின்வரிசையில்தான் இருப்பேன்.