கச்சேரிக்குப் பின் ஒரு கச்சேரி

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் சிலம்பையும் குறளையும் ஆய்ந்து பேசிய அறிஞர்கள் பலர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகப் பதிவேடுகளோடு காலம் கழிக்கும் நாம் அவர்கள் வழியில் பேச இயலாது. ஆயினும் நமக்கு நன்கு பழகிய பொருள் ஒன்று உண்டு. அதுதான் அரட்டை! அதிலும் இசை கேட்டவர்கள் கூடிப் பேசும் அரட்டை. பாடகர் எழுந்து போனபின் இசை அன்பர்கள் தொடங்கும் பேச்சை 'அரட்டைக் கச்சேரி' என்று நம் மக்கள் கேலி செய்வதுண்டு. அந்தக் கச்சேரிக்காகவே இன்று வாதாட வந்திருக்கிறோம்.

வாதாட வேண்டிய காரணம் உங்களுக்குத் தெரியும். திங்கள்தோறும் ஒரு சனிக்கிழமை மாலை, நம் குடியிருப்பின் வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்கிறோம். பிறகு இருட்டும்வரை அதைப் பற்றிப் பேசுகிறோம். இது தேவைதானா என்னும் கேள்வி செயற்குழுவில் எழுந்துள்ளது. "பாட்டெல்லாம் அவரவர் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லித் தரலாமே" என்கின்றனர் நண்பர் சிலர். நியாயமான கேள்வியே. அதற்கு விடை கூறுவது நம் கடமை.

முதலில் நாம் வாழும் இவ்வூரையே சான்றாகக் கொள்வோம். தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 1408 ஆம் ஆண்டில் பிறந்து 1503 ஆம் ஆண்டில் மறைந்தவர். திருவேங்கடவன் மீது அவர் 32,000 பாடல்கள் பாடினார் என்பது வழிவழிச் செய்தி. அப்பாடல்களைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலில் ஓர் அறையில் வைத்துக் காத்தனர். இருபதாம் நூற்றாண்டில் அவை வெளிவந்தபோது பல்லாயிரம் பாடல்கள் நமக்குக் கிட்டின. ஒவ்வொரு பாடலுக்கும் இராகத்தின் பெயர் இருந்தது; சொற்கள் இருந்தன. ஆனால் மெட்டு? பெரும்பாலான பாடல்களுக்கு அது கிட்டவில்லை. இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய பெரியோர்கள் புதிதாய் இசையமைத்த பிறகே அவை மீண்டும் நம் செவிக்கு வந்தன.

செம்பு அழியவில்லை, எழுத்து அழியவில்லை, மெட்டு மட்டும் ஏன் மறைந்தது? ஒருவர் பாட, மற்றொருவர் கேட்டு, "அந்த இடத்தை இப்படியல்லவா பாடினார்!" என்று மூன்றாமவருக்குச் சொல்லும் சங்கிலி இடையில் அறுந்துபோனதே காரணம். இசை குடியிருப்பது மனிதரின் தொண்டையிலும் செவியிலும் பேச்சிலுமே அன்றோ!

இதற்கு மாறான சான்று நம் சித்தூரிலேயே உண்டு. காஞ்சிபுரம் நாயனா பிள்ளை 1889 முதல் 1934 வரை வாழ்ந்த பெரும் பாடகர். வயலினும் மிருதங்கமும் மட்டும் உடன்வரப் பாடுவோர் நடுவே, கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியங்களை வைத்துப் பாடியவர். 'புல் பெஞ்ச்' கச்சேரி என்றே அதற்குப் பெயர் வந்தது. தாளக் கணக்கில் அவரை மடக்க வந்தவர்கள் தாமே மடங்கினர் என்பர். ஆனால் அவர் குரலைக் கேட்க நமக்கு ஓர் இசைத்தட்டும் இல்லை.

அப்படியாயின் அவர் இசை மறைந்ததா? இல்லை. புங்கனூரில் 1898 இல் பிறந்த சிறுவர் ஒருவர் அவரிடம் பாடம் கேட்டார். அவரே சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1954 இல் சென்னை இசைக் கழகத்தின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். அவரிடம் பயின்றவர் மதுரை சோமு. 1972 இல் வெளிவந்த 'தெய்வம்' திரைப்படத்தில் மருதமலை முருகனைப் பாடிய அந்தக் குரலை நம்மில் அறியாதார் யார்? காஞ்சியில் ஏற்றிய விளக்கு சித்தூரிலே ஒளிர்ந்து மதுரைக்கும் சென்றது. மாணவர் பாட்டால் காத்தனர். இசை அன்பர்கள் பேச்சால் காத்தனர்.

கடல் கடந்த நாட்டிலும் இதே கதை உண்டு. அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்கள் வளர்த்த இசை ஜாஸ். அது வளர்ந்த நியூ ஆர்லியன்ஸ் நகரில் படி போல்டன் என்பார் கார்னெட் என்னும் ஊதுகருவியை வாசித்தார். 1907 இல் மனநோயுற்று மருத்துவ விடுதியில் சேர்க்கப்பட்டு, 1931 இல் அங்கேயே இறந்தார். முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்ததோ 1917 இல்தான். போல்டன் வாசித்ததில் ஒரு நொடியேனும் இன்று கேட்கக் கிடைப்பதில்லை. ஆயினும் ஜாஸ் அன்பர்கள் இன்றும் அவரைப் பற்றிப் பேசுகின்றனர். "அவர் ஊதினால் நெடுந்தொலைவு கேட்குமாம்" என்று, கேட்டவர்கள் சொன்னதைக் கேட்டவர்கள் சொல்கின்றனர். நம் நாயனா பிள்ளைக்கு நிகழ்ந்ததே அவருக்கும் நிகழ்ந்தது.

பேச்சு என்றால் சண்டையும் இருக்கும். நாயனா பிள்ளையின் வழியைக் கேட்டவர்களில், "இது கணக்கு, கனிவு எங்கே?" என்றவர்களும் உண்டு, "கணக்கிலேதான் கனிவு" என்றவர்களும் உண்டு. 1940களில் 'பீபாப்' என்னும் புதுமுறை ஜாஸில் எழுந்தபோது, பழைமை விரும்பிகளும் புதுமை விரும்பிகளும் இப்படியே மோதினர். பெரும்புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்கே புதுமுறையை ஏளனம் செய்தார். வேப்பமரத்தடியில் நாமும் சண்டையிட்டதுண்டு. ஆனால் மறுநாள் காலை ஒரே குழாயடியில்தான் நின்றோம். பகையின்றி மாறுபடும் பழக்கம் வேண்டுமாயின், இசையைப் பற்றிச் சண்டையிட்டுப் பழகுவதே நலம். அதில் தோற்றவனுக்கும் நட்டமில்லை!

இனி நம் மரத்தடியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறோம். கல்லூரியில் படிக்கும் நம் தம்பி ஒருவர் ஒரு மாலை, "இன்று வேறு இசை கேட்போம்" என்று சொல்லித் தம் கைப்பேசியில் ஒரு ஜாஸ் இசையைப் போட்டார். 1959 இல் டேவ் புரூபெக் குழுவினர் பதிந்த 'டேக் ஃபைவ்' என்பது அது. "இது நமக்கு எதற்கு?" என்று சிலர் முகம் சுளித்தனர். நம் கார்டு தாத்தா மட்டும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அப்பெரியவர், இளமையில் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் கச்சேரிகளை நேரில் கேட்டவர். தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தட்டும் ஓசையிலேயே தாளம் கற்றதாகச் சொல்வார். இன்று தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிடுவதால், அந்த ஓசை குறைந்துவிட்டது என்பதும் அவருடைய குறை.

சிறிது நேரத்தில் தாத்தா சிரித்தார். "ஐந்து எண்ணிக்கை. நம்முடைய கண்டம் அப்பா இது! தகிட தக, தகிட தக என்று பிரித்திருக்கிறான்" என்றார். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி உடனே, "தாத்தா, நம் கணக்கு அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். ஐந்து என்னும் எண் எவர்க்கும் தனியுடைமை அன்று என்றார் ஒருவர். தாத்தா அதை ஒப்புக்கொண்டு, மேலும் ஒரு செய்தி கூறினார்.

புரூபெக் குழுவினர் 1958 இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது சென்னைக்கும் வந்தனர். அங்கே அவர்கள் சந்தித்தவர் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை. இடக்கையால் வாசித்து உலகை வியக்க வைத்தவர் அவர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. ஆனால் தாளம் தெரியும். அதுவே போதுமானதாயிற்று. பழனியின் தந்தையார் முத்தையா பிள்ளை, புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் மாணவர். நாயனா பிள்ளைக்குப் பக்கவாத்தியம் வாசித்த தட்சிணாமூர்த்தி பிள்ளையும் அம் மான்பூண்டியா பிள்ளையின் மாணவரே. ஆகவே, சித்தூரில் பாடிய கணக்கும், அமெரிக்கர் சென்னையில் கேட்ட கணக்கும் ஒரே ஊற்றைச் சேர்ந்தவை. பழனியின் மாணவர் ரங்கநாதன் 1963 முதல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். மற்றொரு மாணவர் திருச்சி சங்கரன் 1971 இல் கனடா சென்று யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

பார்த்தீர்களா? ஒரு சிறுமியின் கேள்வி புதுக்கோட்டைக்கும் சித்தூருக்கும் அமெரிக்காவுக்கும் பாலம் கட்டிற்று. கைப்பேசி பாட்டைத் தந்தது, உண்மை. அந்தப் பாலத்தைத் தந்தது மரத்தடிப் பேச்சு.

கார்டு தாத்தா சென்ற தை மாதத்தில் இயற்கை எய்தினார். அவர் நூல் எழுதவில்லை, மேடையில் பேசவில்லை. ஆயினும் அந்தச் சிறுமி இன்று தன் தம்பிக்கு ஐந்தும் ஏழும் ஒன்பதும் தொடையில் தட்டிக் காட்டுகிறாள். "சித்தூராருடைய பல்லவியில் சொல் எங்கே விழும் என்று காத்திருக்க வேண்டும் என்று தாத்தா சொன்னார்" என்கிறாள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை மறைந்தது 1975 இல். அவள் பிறப்பதற்கு நெடுநாள் முன்பு. அவர் கச்சேரியை அவள் எங்கே கேட்டாள்? தாத்தாவின் பேச்சிலே கேட்டாள்!

நண்பர்களே, நாம் இருக்கும் இடத்தையும் எண்ணிப் பாருங்கள். சித்தூர் மாவட்டம் 1953 இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960 இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. 2022 இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின, குடும்பங்கள் இருபுறமும் வாழ்கின்றன. நம் பிள்ளைகள் பள்ளியிலே தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கின்றனர். அவர்கள் தமிழை முழு வாக்கியமாகப் பேசும் இடம் எது? வீட்டில் "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதோடு தமிழ் முடிந்துவிடுகிறது. தான் விரும்பிய ஒன்றைப் பற்றி ஆசையோடு, வாதத்தோடு, நகைச்சுவையோடு பேசும்போதுதான் மொழி வளர்கிறது. அந்த இடம் மரத்தடியில் இருக்கிறது.

அங்கே தமிழர் மட்டுமா வருகின்றனர்? பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மையார் வந்து அன்னமய்யாவின் சொற்களுக்குப் பொருள் கூறுகிறார். நாம் அவருக்கு அருணகிரியாரின் சந்தத்தை விளக்குகிறோம். காவிரிக் கரையில் திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் தெலுங்கில் பாடினார். தெலுங்கு நாட்டில் வாழும் நாம் தமிழில் அதைப் போற்றுகிறோம். இதைவிடச் சிறந்த அண்டை உறவு வேறு உண்டோ?

வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதோடு நில்லாமல் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். படியாதவனும் கேட்டு உயரலாம் என்பதே அதன் கருத்து. பள்ளி இறுதியோடு நின்ற நம் போன்றோர்க்கு அது எத்துணை ஆறுதல்!

ஆகவே செயற்குழுவினர்க்கு நம் விண்ணப்பம் மூன்று. சனிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்த வேண்டா. கணக்குப் பாடத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம், நாமே வந்து பாய் விரிக்கிறோம். இரண்டாவது, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளையேனும் வரட்டும். அவர்கள் விரும்பும் இசையையும் கொண்டு வரட்டும், அது ஜாஸ் ஆயினும் திரைப்பாட்டு ஆயினும் சரி. மூன்றாவது, பழைய கச்சேரிகளைக் கேட்ட முதியோர் நம்மிடையே இன்னும் நால்வர் உள்ளனர். அவர்களை மரத்தடிக்கு அழைத்து வருவோம். நடக்க இயலாதவர் வீட்டுத் திண்ணைக்கு நாமே செல்வோம்.

அடுத்த கூட்டம் வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் பதிவு ஒன்றைக் கேட்க இருக்கிறோம். சண்டையிட ஆயத்தமாய் அனைவரும் வருக!

வளர்க தமிழ்! வாழ்க இசை! வணக்கம்.