யாரைக் கேட்டுக் காடு ஆள்கிறார்கள்?

(வல்லத்திராக்கோட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆனைமலைக்குப் போய் வந்தேன். வால்பாறையை அடுத்த தாய்முடி எஸ்டேட்டைக் கடந்து, அட்டை கடிக்கும் காட்டுப்பாதையில் நடந்து, தெப்பக்குளமேட்டுக்குச் சென்றேன். அங்கே இருப்பவர்கள் காடர் என்னும் பழங்குடி மக்கள். தேன் எடுப்பதும் கிழங்கு தோண்டுவதும் அவர்களது பரம்பரைத் தொழில். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அதனுள் இந்திரா காந்தி தேசியப் பூங்கா.

இம்மக்களின் பழைய ஊர் கல்லார்குடி. 2019 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து வீடுகள் பாழாயின. உயிர் பிழைக்கத் தெப்பக்குளமேட்டில் குடிசை போட்டார்கள். வன இலாகா அனுமதிக்கவில்லை. எஸ்டேட் லயன் வீடுகளில் கொண்டுபோய் வைத்தது. காட்டை விட்டால் பிழைப்பு ஏது?

காட்டை அழித்தவர்கள் இவர்களா? கப்பல் கட்டவும் ரயில் பாதை போடவும் ஆனைமலைத் தேக்கை வெட்டிச் சென்றது வெள்ளையர் ஆட்சி. வெட்டிய மரங்களை உருட்டிவிட்ட இடம்தான் இன்றைய டாப்சிலிப். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சோலைக்காடுகளை மொட்டையடித்துத் தோட்டம் போட்டவர்கள் துரைமார்கள். அவர்கள் சீமான்கள்; குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளனாம்! இது என்ன நியாயம்?

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: உரிமைகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது, கோரிக்கையை முதலில் விசாரிப்பது கிராமசபை. ஆனால் 2008-ல் வந்த கோர்ட் உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016-ல்தான் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நீக்கியது.

தடை நீங்கியும் பட்டா தானாக மலையேறி வரவில்லை. கல்லார் மக்கள் மனுக் கொடுத்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், பெண்கள் முன்னால் நின்றார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் போராடி, 2021-ல் தெப்பக்குளமேட்டிலேயே பட்டா வாங்கினார்கள்.

எங்கோ மலையில் நடந்தது நமக்கெதற்கு என்று எண்ணாதீர்கள். நம் மாவட்டத்தில் வனத்தோட்டக் கழகம் தைலமரம் நட்டது யாரைக் கேட்டு? கண்மாய்க்கு வரும் தண்ணீர் குறைகிறது என்று விவசாயிகள் எத்தனை ஆண்டுகளாக முறையிடுகிறார்கள்!

ஆகவே தோழர்களே, அடுத்த கிராமசபையை வெறும் கையெழுத்துச் சடங்காக விடாதீர்கள். எல்லோரும் போங்கள். பெண்களையும் அழைத்துப் போங்கள். தீர்மானத்தை எழுதச் சொல்லி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகு கையெழுத்திடுங்கள். கல்லார் மக்கள் விடாமல் நின்றார்கள்; நாமும் நிற்போம்!